இணையத்தில் தேடுவோம்: ஸ்கூபா டைவிங் கற்றுத் தரும் நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்வது தேடுவதைத்தான். பிரவுசரைத் திறக்கிறோம். இரண்டு சொற்களை டைப் செய்து என்டர் தட்டுகிறோம். பட்டியல் வந்து விழுகிறது. சினிமாப் பாட்டு, பஸ் நேரம், பரீட்சை ரிசல்ட் போன்றவற்றுக்கு இது போதும். முதல் விடை சரியில்லை என்றால் இரண்டாவது விடையைப் பார்த்துக் கொள்ளலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் தவறான விடையால் பணமோ, சில நேரங்களில் உயிரோ போகக் கூடிய விஷயங்களும் உண்டு. அவற்றைத் தேடும் போது பட்டியல் வந்ததும் வேலை முடிந்து விடாது. அப்போதுதான் வேலை தொடங்குகிறது. இந்தப் பாடத்தில் அப்படி ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டு, தேடுவது, சரி பார்ப்பது, கேள்வி கேட்பது, ஒப்பிடுவது என்று நான்கு படிகளாகப் பார்ப்போம்.

ஸ்கூபாவுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?

தஞ்சாவூர் என்றால் பெரிய கோயிலும் நெல் வயலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மனோரா எல்லாம் பாக் விரிகுடாக் கரையில் உள்ளவை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய இந்தக் கடலில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பை, கடல் பசுக்களுக்கான பாதுகாப்புப் பகுதியாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. வடக்கே போனால் பூம்புகார். அங்கே கடலுக்கு அடியில் இருப்பதைத் தேசியக் கடலியல் ஆய்வுக் கழகத்தினர் பல ஆண்டுகள் நீரில் மூழ்கி ஆராய்ந்திருக்கிறார்கள்.

என் அக்கா மகனுக்கு இந்தப் பூம்புகார் ஆய்வுகளைப் படித்ததிலிருந்து ஸ்கூபா கற்றுக் கொள்ளும் ஆசை. "மாமா, நம்ம ஊர்ப் பக்கம் நல்ல இடம் எது? நெட்டில் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றான். அவனையே பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு தேடினேன். அந்தத் தேடலில் பயன்பட்ட வழிகளைத்தான் இங்கே தருகிறேன்.

ஸ்கூபா என்பது, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக் கொண்டு நீருக்கு அடியில் மூச்சு விட்டபடி நீந்துவது. காவிரியிலும் கல்லணைக் கால்வாயிலும் நீந்திப் பழகியவர்களுக்குக் கூட இது புதிய விஷயம். கடலில் 10 மீட்டர் ஆழம் போனாலே நம் உடல் மீதுள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகி விடும். அந்த ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக் கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. அதனால்தான் 'மூச்சை அடக்காதே, மெதுவாக மேலே வா' என்பது இதில் முதல் பாடம். சொல்லித் தருபவர் சரியானவராக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

தேடும் முன் பேப்பரை எடுங்கள்

கீபோர்டில் கை வைக்கும் முன், என்ன தேடுகிறோம் என்பதை ஒரு பேப்பரில் எழுதிக் கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது, 'பார்க்கப் போகிறோமா, படிக்கப் போகிறோமா?' என்பதைத்தான்.

ஒரு நாள் அனுபவத்துக்கு 'டிஸ்கவர் ஸ்கூபா டைவிங்' போன்ற பெயர்கள் உண்டு. பயிற்றுநர் கூடவே இருந்து, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை அழைத்துப் போவார். 'ஓபன் வாட்டர் டைவர்' என்பது சான்றிதழ் படிப்பு. இதில் பாடம், நீச்சல் குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ்கள் எல்லாம் உண்டு. முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். குறைந்தபட்ச வயது 10. நிற்காமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் தேடினால் ஒரு கடை சில ஆயிரம் என்றும், இன்னொரு கடை அதைப் போலப் பல மடங்கு என்றும் விலை காட்டும். இரண்டாவது கடை கொள்ளையடிக்கிறது என்று நினைத்து விடுவோம். உண்மையில் இரண்டும் வேறு வேறு சரக்கு.

தேடும் முறை

1. ஊர்ப் பெயரை நீங்களே கொடுங்கள்: 'நியர் மீ' என்று டைப் செய்தால் பக்கத்தில் உள்ளதைக் காட்டும் என்பார்கள். செல்போனில் ஜி.பி.எஸ். இருப்பதால் அது ஓரளவு சரியாக வரும். மேஜைக் கம்ப்யூட்டரில் ஜி.பி.எஸ். கிடையாது. உங்கள் இன்டர்நெட் இணைப்பின் ஐ.பி. முகவரி போன்றவற்றை வைத்து ஊரை ஊகிப்பார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும் உங்களைத் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பதாக அது நினைத்துக் கொள்ளலாம். கூகுள் தேடல் பக்கத்தின் அடிப்பகுதிக்குச் சென்று பாருங்கள். எந்த ஊராகக் கருதித் தேடியது என்பது அங்கே இருக்கும்.

2. 'உள்ளூர்' என்பதற்கு எல்லை போடுங்கள்: 'ஸ்கூபா டைவிங் தஞ்சாவூர்' என்று தேடினால், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுத் தயாரித்த டைரக்டரிப் பக்கங்கள் வந்து நிற்கும். உள்ளே போனால் வேறு மாநிலத்துக் கடையின் நம்பர் இருக்கும். அதனால் நாங்கள் எல்லையைப் பெரிதாக்கினோம். சாலை வழியே சுமார் 175 கிலோ மீட்டரில் புதுச்சேரி. தெற்கே ராமேஸ்வரம், தூத்துக்குடி. வடக்கே சென்னை. இவையே டெல்டாக்காரர்களுக்கு 'உள்ளூர்'. ஆசை பெரிது என்றால் அந்தமான்.

3. பழைய பெயரையும் புதிய பெயரையும் தேடுங்கள்: ஆங்கிலத்தில் தேடும் போது இது மிக முக்கியம். புதுச்சேரியைப் பலர் இன்னும் 'பாண்டிச்சேரி' என்றே எழுதுகிறார்கள். தூத்துக்குடிக்கு 'டூட்டிகொரின்' என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது. அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு 2018ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்தது. பாதிக் கடைகள் ஒரு பெயரிலும் மீதிக் கடைகள் இன்னொரு பெயரிலும் மாட்டும்.

4. மேற்கோள் குறியும் கழித்தல் குறியும்: 'ஓபன் வாட்டர்' என்ற இரு சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்தால், அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டுப் பாருங்கள். ஓட்டல், டாக்சி, ஸ்கூபா மூன்றையும் சேர்த்து விற்கும் டிராவல் ஏஜென்சிகளில் பலவும் காணாமல் போய்விடும்.

5. கடலடி இடத்தின் பெயரால் தேடுங்கள்: புதுச்சேரிக் கடலில் சுமார் 18 மீட்டர் ஆழத்தில், டெம்பிள் அட்வென்சர்ஸ் என்ற டைவிங் நிறுவனத்தார் 2013ல் உருவாக்கிய 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைத் திட்டு இருக்கிறது. இது போன்ற இடத்தின் பெயரைக் கொடுத்தால், உண்மையில் அங்கே மூழ்கிப் பார்த்தவர்கள் எழுதியவை கிடைக்கும். (உதாரணத்துக்காகச் சொல்கிறேன். சிபாரிசு அல்ல.)

6. மேலே வருவது எல்லாம் விடை அல்ல: 'ஸ்பான்சர்டு' என்ற சொல் இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். சில சமயம் ஏ.ஐ. எழுதிய சுருக்கம் முதலில் வரும். அதைப் படிக்கலாம், நம்பி விடக் கூடாது. பக்கத்தில் உள்ள இணைப்புகளைக் கிளிக் செய்து, எந்தத் தளத்திலிருந்து எடுத்தது, எந்த ஆண்டுத் தகவல் என்று பாருங்கள்.

கடை உண்மையானதா? நான்கு சோதனைகள்

இப்போது ஐந்தாறு பெயர்கள் கையில் இருக்கும். கடையின் சொந்த இணையதளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நீல நிறக் கடல், ஆமை, வண்ண மீன் படங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். கடைக்காரர் கை படாத இடங்களில் சரி பார்க்க வேண்டும்.

முதல் சோதனை, சான்றிதழ் தரும் அமைப்பு: டைவிங் பயிற்சிக்கு உலக அளவில் பல அமைப்புகள் உள்ளன. 1966ல் அமெரிக்காவில் தொடங்கிய 'பேடி', 1970ல் தொடங்கிய 'எஸ்.எஸ்.ஐ.' இரண்டும் அதிகம் தென்படுபவை. பேடி என்ற பெயரின் உச்சரிப்பு, நெல்லுக்கு உரிய ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பேதான். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு மறக்கவே மறக்காது! இந்த அமைப்புகளின் இணையதளங்களில் 'டைவ் ஷாப் லொக்கேட்டர்', 'சென்டர் லொக்கேட்டர்' போன்ற பக்கங்கள் உண்டு. மேப்பில் உங்கள் பகுதியைப் பெரிதாக்கினால் அங்கீகாரம் பெற்ற கடைகள் தெரியும். கடைக்காரர் தன் தளத்தில் போட்டிருக்கும் லோகோவைப் பார்க்காதீர்கள். அமைப்பின் பட்டியலில் கடையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பேடி தளத்தில் 'ப்ரோ செக்' என்ற பக்கமும் இருக்கிறது. பயிற்றுநரின் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் அவர் இப்போது கற்றுத் தரும் தகுதியில் இருக்கிறாரா என்று தெரியும். எண்ணைக் கேட்டால் நல்ல பயிற்றுநர் கோபப்பட மாட்டார்.

இரண்டாம் சோதனை, ஜி.எஸ்.டி. எண்: பில்லிலோ இணையதளத்திலோ 15 எழுத்து எண்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருந்தால், ஜி.எஸ்.டி. அரசுத் தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் அதை டைப் செய்யுங்கள். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா என்பவை வரும். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி, 35 அந்தமான் நிக்கோபார். புதுச்சேரிக் கடை என்று சொல்லிக் கொண்டு வேறு மாநில எண்ணைக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். சிறிய தொழில் செய்வோருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை; எண் இல்லை என்பதாலேயே ஒரு கடையைத் தள்ளி விட வேண்டாம்.

மூன்றாம் சோதனை, இணையதளத்தின் வயது: 'பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று முகப்பில் போட்டிருப்பார்கள். டாட் காம் முகவரி என்றால், ஐகேன் அமைப்பின் 'லுக்கப்' பக்கத்தில் அந்தப் பெயரைக் கொடுங்கள். எப்போது பதிவு செய்தார்கள் என்ற தேதி வரும். 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தின் 'வேபேக் மெஷின்' பகுதியில் அதே முகவரியைக் கொடுத்தால், பழைய ஆண்டுகளில் அந்தத் தளம் எப்படி இருந்தது என்பதைக் காலண்டரில் தேதி வாரியாகப் பார்க்கலாம். போன மாதம் பிறந்த தளத்தில் பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்தால் விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

நான்காம் சோதனை, எந்தக் கடல்? மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. 'தீவுக்குக் கூட்டிப் போகிறோம், எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்' என்று சொல்பவரிடம் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தை மதிக்காதவர் பாதுகாப்பு விதியை மட்டும் மதிப்பார் என்று எப்படி நம்புவது?

ரிவ்யூக்களைப் படிக்கும் விதம்

மேப்பில் கடையின் பெயரைக் கிளிக் செய்தால் வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் வரும். நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இப்படிப் படியுங்கள்.

முதலில் 'சார்ட்' என்ற இடத்தைக் கிளிக் செய்து 'நியூவெஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடையில் ஆட்கள் மாறிக் கொண்டே இருப்பார்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய பாராட்டு இன்றைய பயிற்றுநருக்குப் பொருந்தாது.

அடுத்து 'லோயஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குறைந்த மதிப்பெண் தந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். 'கடல் சரியில்லை என்று கடைசி நேரத்தில் கேன்சல் செய்து விட்டார்கள்' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கலாம். எனக்கு அது பாராட்டாகத்தான் தெரிகிறது. 'மாஸ்க்கில் தண்ணீர் வந்தது, சொன்னேன், கவனிக்கவில்லை' என்று மூன்று பேர் வேறு வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது உண்மையான எச்சரிக்கை.

புகாருக்குக் கடைக்காரர் எழுதிய பதிலையும் படியுங்கள். வாடிக்கையாளரைத் திட்டுகிறாரா, நடந்ததை விளக்குகிறாரா? கடையின் சேவையைப் பற்றி நூறு பாராட்டுகள் சொல்லாததை இந்த ஒரு பதில் சொல்லி விடும்.

எழுதியவரின் பெயரைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் அவர் எழுதிய மற்ற ரிவ்யூக்களும் வரும். ஒரே நாளில் டில்லியில் பல் டாக்டருக்கும், கோவையில் டயர் கடைக்கும், புதுச்சேரியில் ஸ்கூபாவுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டவரை ஒதுக்கி விடுங்கள். பொய் ரிவ்யூக்கள் பெருகியதால் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தர விதியையே இந்தியத் தர நிர்ணய அமைப்பு கொண்டு வந்தது. அது கட்டாய விதியாக வரவில்லை. எனவே சலித்துப் பார்க்கும் வேலை நம்முடையதுதான்.

மெயில் அனுப்பிச் சோதியுங்கள்

நல்ல வாடிக்கையாளர் சேவை எப்படி இருக்கும் என்பதைக் காசு கொடுக்கும் முன்பே தெரிந்து கொள்ள ஒரு வழி இருக்கிறது. எல்லாக் கடைகளுக்கும் ஒரே கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள். போனில் கேட்டால் பேச்சோடு போய்விடும். மெயில் என்றால் பதில் எழுத்தில் இருக்கும். பிறகு எடுத்துக் காட்டலாம். ஒரு மெயிலில் எழுதியதைக் காப்பி செய்து அடுத்ததில் பேஸ்ட் செய்தால் போதும். எல்லா முகவரிகளையும் 'டு' கட்டத்தில் வரிசையாகப் போட்டு விடாதீர்கள். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்து விடும்.

நாங்கள் அனுப்பிய கேள்விகள் இவை:

1. எந்த அமைப்பின் சான்றிதழ்? பயிற்றுநரின் உறுப்பினர் எண் என்ன?
2. கடலில் ஒரு பயிற்றுநருடன் எத்தனை பேர் இறங்குவார்கள்?
3. சிலிண்டர்களுக்குக் கடைசியாக அழுத்தச் சோதனை செய்த தேதி எது? நேரில் வந்தால் சிலிண்டரில் அந்தத் தேதி பதிந்திருப்பதைப் பார்க்கலாமா?
4. படகில் ஆக்சிஜனும் முதலுதவிப் பெட்டியும் இருக்குமா? அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவீர்கள்?
5. கட்டணத்தில் என்னென்ன சேர்த்தி? சான்றிதழ் கட்டணம் தனியா?
6. கடல் சரியில்லாமல் ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாறுமா?
7. பையனுக்குச் சிறு வயதில் வீசிங் இருந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

ஏழாவது கேள்விதான் உண்மையான பரீட்சை. ஒரு கடையிலிருந்து, 'நோ பிராப்ளம் சார், ஃபார்மில் இல்லை என்று டிக் அடித்து விடுங்கள், இன்றே முழுப் பணமும் கட்டினால் டிஸ்கவுன்ட் உண்டு' என்று ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. இன்னொரு கடை மறுநாள்தான் பதில் போட்டது. கடைசியாக எப்போது வீசிங் வந்தது, இப்போது மருந்து எடுக்கிறாரா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு படிவத்தை இணைத்து, 'டாக்டர் கையெழுத்துடன் வாருங்கள். அவர் வேண்டாம் என்றால் நாங்களும் அழைத்துப் போக மாட்டோம்' என்று எழுதியிருந்தார்கள்.

வேகமான பதில், இனிமையான பேச்சு, தள்ளுபடி எல்லாம் முதல் கடையில்தான். ஆனால் என் அக்கா மகனின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்பட்டது இரண்டாவது கடை. இந்தத் தொழிலில் நல்ல சேவை என்பதற்கு அளவுகோல், தேவைப்படும் போது 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம்தான். அந்தப் பதிலைப் படித்ததும் முதல் கடையின் பெயரைப் பட்டியலில் அடித்து விட்டோம்.

மருத்துவப் படிவத்தை நீங்களே இறக்கிக் கொள்ளலாம்

அந்தப் படிவத்துக்குக் கடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 'டைவர் மெடிக்கல் பார்ட்டிசிபன்ட் கொஸ்டினேர்' என்று தேடுங்கள். 2020ல் புதுப்பித்த வடிவம் பி.டி.எஃப். ஆக, இலவசமாகக் கிடைக்கும். டவுன்லோட் ஆனதும் டபுள் கிளிக் செய்தால் பிரவுசரிலேயே திறக்கும். கண்ட்ரோல் கீயுடன் 'பி' எழுத்துள்ள கீயை அழுத்தினால் பிரின்ட் கட்டம் வரும்.

முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள். நெஞ்சு, மூச்சு, காது, நரம்பு, சர்க்கரை, அறுவை சிகிச்சை போன்றவை பற்றியவை. சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் அடுத்த பக்கத்தில் துணைக் கேள்விகள் வரும். சிலவற்றுக்கு நேரே டாக்டரிடம்தான். படிவத்தின் கடைசியில் டாக்டர் கையெழுத்துப் போடும் பக்கம் உண்டு. எங்கள் வீட்டுப் பையன் நுரையீரல் டாக்டரிடம் அதைக் காட்டினான். அவர் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, சரி என்று தெரிந்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

கேள்விக்குப் பொய் சொல்லி டிக் அடித்தால் ஏமாறுவது கடை அல்ல. 15 மீட்டர் ஆழத்தில் மூச்சுத் திணறினால் அங்கே இருப்பது நீங்கள்தான்.

ஸ்பிரெட்ஷீட்டில் ஒப்பிடுங்கள்

பதில்கள் வந்து விட்டன. இனி எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஒவ்வொரு செல்லிலும் ஒரு கடையின் பெயர். இடது ஓரத்தில் கீழ் நோக்கி: அமைப்பின் பட்டியலில் உள்ளதா, பயிற்றுநர் எண் தந்தார்களா, எத்தனை பேருக்கு ஒருவர், ஆக்சிஜன், உடல்நிலை கேட்டார்களா, ரத்து விதி, பதிலின் தெளிவு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போடுங்கள். கடையின் மார்க்குகளுக்குக் கீழே உள்ள காலி செல்லில் கிளிக் செய்து, 'ஆட்டோசம்' பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டுத்தொகை வந்து விடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். விலையை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். தனி வரிசையில் எழுதுங்கள். சேர்த்தால், ஆக்சிஜன் இல்லாத கடை மலிவாக இருப்பதாலேயே முன்னுக்கு வந்து விடும். பாதுகாப்பு சம்பந்தமான ஏதாவது ஒன்றில் பூஜ்யம் வாங்கிய கடையை மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் விட்டு விடுங்கள். மீதி உள்ளவற்றில் மட்டும் விலையை ஒப்பிடுங்கள்.

தேதியும் பணமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வயலுக்கு நல்லது, நம் கரையில் கடலுக்கு அடியில் பார்க்க நல்லதல்ல. அலை அதிகம், ஆறுகள் கொண்டு வரும் வண்டலால் கலங்கலும் அதிகம். சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும் மாசி, பங்குனி டெல்டாக்காரர்களுக்குத் தோது. அந்த வாரத்துக் கடல் நிலையைக் கடையில் கேட்டுக் கொள்ளுங்கள். அந்தமான் போகிறவர்கள் திரும்பும் விமானத்தையும் யோசித்து டிக்கெட் எடுக்க வேண்டும். பல நாட்கள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். முன்பணம் மட்டும் போதும். யு.பி.ஐ.யில் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர், கடையின் பெயரோடோ ஜி.எஸ்.டி. தளத்தில் பார்த்த பெயரோடோ ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ரசீதை மெயிலில் கேட்டு வாங்குங்கள். கடை பற்றிய எல்லா மெயில்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த மாதப் பயிற்சி

ஸ்கூபா எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனால் நாம் பார்த்த வழி எல்லாருக்கும் தேவைப்படும். வீட்டுக்கு சோலார் பேனல் போடுபவர், பிள்ளைக்கு நீச்சல் கற்றுத் தருபவர், அம்மாவைப் பார்த்துக் கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம், இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

அ) உங்களுக்கு வேண்டியதை ஒரே வரியில் பேப்பரில் எழுதுங்கள். பிறகு தேடி ஐந்து பெயர்கள் எடுங்கள்.

ஆ) ஒவ்வொன்றையும் அவர்கள் கை படாத இரண்டு இடங்களில் சரி பாருங்கள்.

இ) எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். அதில் ஒரு கேள்வியாவது, நேர்மையாகப் பதில் சொன்னால் அவர்கள் வியாபாரம் கெடக் கூடியதாக இருக்கட்டும்.

ஈ) மார்க் போட்டு ஆட்டோசம் செய்யுங்கள். விலையைக் கடைசியில் பாருங்கள்.

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். யார் உங்கள் 'இ' கேள்விக்கு மழுப்பாமல் பதில் எழுதுகிறார்களோ, அவரை முதலில் போனில் அழைத்துப் பேசுங்கள்.